கவுண்டி லைனுக்கு வெளியே ஒரு வேட்பாளர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கட்சித் தலைமையின் ஆதரவு இல்லாமல் பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவு செய்யும் முதல்கட்டத் தேர்தலில், நிற்பது எப்படி இருக்கும் என்று நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். 2023-இல் எங்கள் டவுன்ஷிப் (ஊர் நிர்வாகம்) கவுன்சில் இடத்துக்கு, ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நான் நின்றேன், தோற்றேன். அந்த அனுபவத்தை முழுமையாக எழுதி வைப்பது, இனி நிற்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பிரச்சினை கிடங்குகளில் தொடங்கியது. டர்ன்பைக் எனும் சுங்க நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் ஊரில் சரக்குக் கிடங்குகள் வரிசையாக எழுந்தன. அவற்றுக்கு 30 ஆண்டுகள் வரை சொத்து வரி விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வரிக்குப் பதிலாக உரிமையாளர் ஒரு தொகை கட்டுவார். அதில் 95 சதவீதம் டவுன்ஷிப்புக்கும் 5 சதவீதம் கவுண்டிக்கும் (நம்மூர் மாவட்டம் போன்றது) போகும். பள்ளிகளுக்குப் பங்கு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வகுப்பறைகள் நிரம்பி வழியும் ஊரில் இது அநியாயம் என்று கவுன்சில் கூட்டங்களில் பேசினேன். விலக்கு கொடுத்தவர்கள் என் கட்சிக்காரர்கள்தான்.

கட்சியின் வேட்பாளர் தேர்வுக் குழுவின் முன் சென்றபோது கல்வித் தகுதியையோ ஊருக்குச் செய்ததையோ யாரும் கேட்கவில்லை. கட்சி அறிவிக்கும் பட்டியல் முழுவதையும் ஆதரிப்பீர்களா, தேர்தல் முடியும் வரை கிடங்கு விவகாரத்தைப் பேசாமல் இருப்பீர்களா என்று இரண்டே கேள்விகள். இரண்டாவதற்கு முடியாது என்றேன். அன்று இரவே குழுவில் இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா இவ்வளவு அவசரம்? இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் நமக்கு உள்ளே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதே." அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. அந்த இடத்துக்காக அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கிடைக்கும் இடத்தால் நமக்கு என்ன லாபம் ஐயா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்து வேட்புமனு. ஊரில் பதிவு செய்த வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். வேறு கட்சியில் பதிந்தவர் போட்டால் செல்லாது. நான் தேவைக்கு மேல் நிறையவே வாங்கியிருந்தேன். அப்படியும் எதிர்ப்பு மனு வந்தது, அதுவும் நான் எதிர்பாராத ஒரு காரணத்தைக் காட்டி. கையெழுத்துப் போட்ட தமிழர்கள் பலருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் ஒரு மாதிரி இருக்கும், அவர்கள் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். அப்பாவின் பெயர் பட்டியலில் குடும்பப் பெயராக முழுதாக நிற்க, இவர்கள் வழக்கம்போல் இனிஷியல் போட்டு முடித்துவிடுகிறார்கள். ஒரு பாட்டி தமிழிலேயே கையெழுத்திட்டிருந்தார். இவை பட்டியலோடு பொருந்தவில்லை என்று கட்சியின் வழக்கறிஞர் வரிவரியாகச் சிவப்பு மையில் குறித்திருந்தார். ஒவ்வொருவர் வீட்டுக்கும் மறுபடி போய், போட்டது நான்தான் என்று நோட்டரி முன் எழுதி வாங்கினோம். அந்தப் பாட்டி தன் பாஸ்போர்ட்டைத் திறந்து, அதிலும் தமிழில்தான் கையெழுத்து இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கச் சொல் என்றார். மனு நிலைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான அடி. அன்றைக்கு மாநிலத்தின் 21 கவுண்டிகளில் 19-இல் 'கவுண்டி லைன்' முறை இருந்தது. கட்சி ஆதரிக்கும் வேட்பாளர்கள், மேல்மட்டப் பதவியிலிருந்து ஊர் கவுன்சில் வரை, வாக்குச்சீட்டில் ஒரே பத்தியில் வருவார்கள். ஆதரவு இல்லாதவர் மேல்மட்ட வேட்பாளர் எவரோடும் சேராமல் தனியாக நின்றால், அவர் பெயரை ஓரத்தில் எங்கோ கொண்டுபோய் வைத்துவிடலாம். இடங்களுக்கான குலுக்கல் முடிந்து மாதிரி வாக்குச்சீட்டு கைக்கு வந்தபோது, அதே பதவிக்கு நிற்கும் கட்சி வேட்பாளரின் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவே வெற்றுக் கட்டங்கள் கிடந்தன. வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பேசியவர்களில் எத்தனையோ பேர் பிறகு சொன்னது ஒன்றுதான்: "உங்கள் பெயரைத் தேடினேன், காணவில்லை. போட்டியிலிருந்து விலகிவிட்டீர்கள் என்று நினைத்து முதல் பத்தியிலேயே போட்டுவிட்டேன்." கட்சித் தலைவர்கள் என்னை மேடையில் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அச்சடித்த காகிதத்துக்கு என்ன பதில் சொல்வது? அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் செனட்டர் பாப் மெனண்டெஸ் மீது ஊழல் குற்றச்சாட்டு பதிவானது. மறுநாளே, யாரிடமும் அனுமதி கேட்காமல், அப்போது காங்கிரஸ் கீழவை உறுப்பினராக இருந்த ஆண்டி கிம் அந்த இடத்துக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். பெரிய கவுண்டிகளின் கட்சித் தலைவர்கள் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபியின் மனைவி டாமி மர்ஃபியின் பின்னால் அணிவகுத்தார்கள். கிம் 2024 பிப்ரவரியில் இந்த வாக்குச்சீட்டு முறைக்கு எதிராகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீர்ப்புக்குச் சில நாட்கள் முன்பு டாமி மர்ஃபி விலகிவிட்டார். இனி வழக்கு எதற்கு என்று கிம்மும் விட்டிருக்கலாம், விடவில்லை. மார்ச் 29 அன்று நீதிபதி ஜாஹித் குரைஷி கவுண்டி லைனுக்குத் தடை விதித்தார். ஜூன் 4 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், ஒரு பதவிக்கு நிற்கும் அனைவர் பெயரும் ஒரே கட்டத்துக்குள் வந்தன. 2025-இல் சட்டமும் மாறியது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு நான் அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பணம் கட்சித் தலைவர்களிடம்தான் இருக்கிறது. ஆதரவு பெற்றவர் தன் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அமைப்பின் வாசகத்தை இன்னும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்று பாருங்கள்: கட்சியின் கவுண்டி கமிட்டி உறுப்பினர்கள். அவர்களையும் இதே பிரைமரியில், ஒவ்வொரு வாக்குச்சாவடி வட்டாரத்திலும் நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். அதற்கு வேண்டிய கையெழுத்துகள் மிகக் குறைவு. உங்கள் தெருவிலேயே கிடைத்துவிடும். பல வட்டாரங்களில் போட்டியே இருப்பதில்லை, சிலவற்றில் இடம் காலியாகவே கிடக்கிறது. கவுன்சிலுக்கு நிற்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் அங்கே மனுப் போடுங்கள். உங்களோடு இன்னும் சிலரையும் நிற்க வையுங்கள்.