ஆற்றுக்குப் போகும் முன்

இன்று கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே கம்பிச் சல்லடை, அதில் துணியும் பிளாஸ்டிக்கும் ஈரத் துடைப்புத் தாள்களும் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தன, தயவுசெய்து அவற்றைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள். அப்புறம் மணலும் கசடும் தொட்டிகளின் அடியில் தங்கிவிடுகின்றன.

நான் அசந்து நின்றது காற்றூட்டும் தொட்டி முன்னால்தான். பழுப்பு நிறத்தில் கொதிப்பது போல் குமிழிவிடும் அந்தத் தண்ணீரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கழிவைத் தின்றுகொண்டிருக்கின்றன, அவை மூச்சுவிடத்தான் அடியிலிருந்து காற்று செலுத்துகிறார்கள். இது இங்கே நடக்காவிட்டால் ஆற்றில் நடக்கும், அங்கே அவை தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ள, மீன்கள் செத்து மிதக்கும். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் அறிவித்த முறை இது, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது!

கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுக்காவிட்டால் ஆற்றில் பாசி மண்டிவிடும். எல்லா நிலையங்களிலும் அதற்கு வசதி இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

கடைசித் தொட்டியில் வழிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்துக் காட்டினார்கள். குடிக்கிற தண்ணீர் இல்லைதான், ஆனால் பின்னால் பிடித்த காகிதத்தின் எழுத்தைப் படிக்க முடிந்தது.