சாயப்பட்டறைத் தவளை

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சான் போன மார்ச் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். கருத்த தண்ணீரில் ஏழெட்டுத் தவளைகள், அத்தனையும் பளீர் நீலம். எடிட் பண்ணியது என்றுதான் நினைத்தேன். அம்மாயி கண்ணாடியைத் தேடி மாட்டிப் பார்த்துவிட்டு, "சாயப்பட்டறைத் தண்ணியில உழுந்துருச்சாட்ட இருக்குது கண்ணு" என்றது. நொய்யல் கரையில் வளர்ந்த ஆளுக்கு வேறென்ன தோன்றும்?

ஆனால் நிறம் நிஜம். ரானா அர்வாலிஸ் என்ற இந்தத் தவளைக்கு 1842-இல் பெயர் வைத்தவர் சுவீடன்காரர் நில்சன். மற்ற நாளில் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளம், மக்கிய இலை நிறம், கூர்மூக்கு, கண்ணுக்குப் பின்னால் கருப்புத் திட்டு, பலவற்றுக்கு முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடு. பனி உருகி இனப்பெருக்கத்துக்குக் கூடும்போதுதான், அதுவும் ஆண் தவளைகள் மட்டும், சில நாட்களுக்கு நீலமாகின்றன. உடம்பில் நீலச் சாயம் எதுவும் கிடையாது, தோலுக்குள் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில் வரும் நிறம் அது. சத்தமும் பெரிதாக இல்லை. காலி பாட்டிலைத் தண்ணீரில் அமுக்கினால் குபுகுபுவென்று காற்று வெளியேறுமே, அவ்வளவுதான்.

பாசி மக்கிக் கிடக்கும் சதுப்பு, ஈரப் புல்வெளி, இதெல்லாம் அதன் வீடு. மற்ற தவளைகள் தயங்கும் புளிப்பேறிய தண்ணீரிலும் தாக்குப் பிடிக்கும். பிரான்சின் வடகிழக்கிலிருந்து சைபீரியா வரைக்கும் இருக்கிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் கரையிலேயே இலைக்குப்பைக்கு அடியில் பதுங்கிக்கொள்ளும்.

இத்தனையும் சொன்ன பிறகும் அம்மாயிக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. "நம்ம கெணத்துத் தவளை மழைக்கு மஞ்சளாவுமில்ல?"

அட, ஆமாம்! பெரிய தவளை, எலுமிச்சை மஞ்சள், கத்தும்போது தொண்டைக்கு இருபுறமும் நீலப் பை உப்பும். சின்ன வயதில் பார்த்ததுதான், எப்படியோ மறந்திருக்கிறேன். கிணற்றை மூடி போர் போட்டு வருசமாச்சு, இனி எங்கே வரப்போகிறது என்றேன். அம்மாயி பதில் சொல்லவில்லை.

மே மாதம் முதல் மழை பெய்த ராத்திரி டார்ச்சோடு போனேன். கிணறு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கட்டுத்தறிக்குப் பின்னால், ஜேசிபி டயர் பதிந்த பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அதில் மூன்று மஞ்சள். நான்காவது சத்தம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.