“கஷ்டம்தான்” என்று சொன்னேன்

நான் போலீஸ் நிலைய எழுத்தராக இருந்த ஏழு வருடத்தில், வழக்குப் பொருட்களை வைக்கும் சொத்து அறையிலிருந்து ஒரு குண்டூசிகூடக் காணாமல் போனதில்லை. ஆய்வுக்கு வரும் டி.எஸ்.பி. பதிவேட்டைப் புரட்டி எந்த எண்ணைக் கேட்டாலும், ஐந்து நிமிடத்தில் பொருளை எடுத்து வைப்பேன். சீட்டு கிழிந்திருக்காது, அரக்கு உடைந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைச் சொல்லும்போது பிடித்துக்கொள்ள எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

2016-ல் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல். உழவர் சந்தை வாசலில் திருடு போனது. இரண்டு மாதம் கழித்து வேறொரு திருட்டில் மாட்டியவன் காட்டிக்கொடுத்து மீட்டோம். வழக்குப் பொருளை ஒப்படைக்கும் படிவம் 95 போட்டு கோர்ட்டுக்கு அனுப்பினோம். அங்கே வண்டி நிறுத்த இடம் ஏது? நிலையத்திலேயே பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, வழக்கம்போலத் திரும்பி வந்தது. பக்கவாட்டு மூடியில் வெள்ளை பெயிண்டால் குற்ற எண்ணை எழுதியது நான்தான். பின்னால் கீரைக்கட்டு அடுக்குகிற நீலப் பெட்டியை, சைக்கிள் ட்யூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முடிச்சு அவிழவில்லை. பெட்டியையும் சேர்த்தே மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில், எழுதினோம்.

வண்டிக்காரர் வந்து அடையாளம் காட்டினார். அப்புறம் கேட்டார்.

“ஏட்டய்யா, வண்டி எப்பக் கிடைக்கும்?”

“கோர்ட்டுல மனு போட்டு வாங்கணும். ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?”

“வித்தவர் பேர்லதாங்க. நான் இன்னும் மாத்தல.”

“அப்பக் கஷ்டம்தான்.”

கொஞ்ச நேரம் நின்றார். “சரிங்கய்யா” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு நிலையத்துக்கு வரவே இல்லை.

‘கஷ்டம்தான்’ என்று நான் சொன்னதற்கு அர்த்தம், விற்றவரிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும், இரண்டு நடை கூடுதலாக அலைய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலோ பேங்க்கிலோ மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ‘கஷ்டம்தான்’ என்றால் நாம் என்ன புரிந்துகொள்வோம்? நடக்காது என்றுதானே? அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். அது எனக்குத் தெரியாதா என்ன? அன்றைக்குத் திருவிழா பந்தோபஸ்து, இரண்டு ரிமாண்டு, போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் மூன்று வாக்கியம் பேச எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

சட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451, 457 ஆகிய பிரிவுகள். 457 ‘உரிமையாளர்’ என்று சொல்லவில்லை; பொருளை வைத்திருக்க உரிமையுள்ளவரிடம் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பொருட்களைப் போலீஸ் நிலையத்தில் பதினைந்து நாள், மிஞ்சினால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, போட்டோ எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்று. மனுவை அவரே போடலாம், வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. இத்தனையும் தெரிந்த ஆள் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சட்டம் சொல்லிக்கொடுப்பது எழுத்தர் வேலையா என்று ஒரு சக ஏட்டு கேட்டார். இல்லைதான். சொல்லிக்கொடுக்கப் போய், ‘இவன் கமிஷன் அடிக்கிறான்’ என்று பேர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். மனு போட்டிருந்தாலும், ஆர்.சி. வேறு பெயரில் இருப்பதைப் பார்த்து மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்திருக்கலாம். இப்படி யோசித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் அடுத்த வருடம் நடந்ததற்கு இந்த ஆறுதலும் இல்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எதிர்ப்பட்டார். சைக்கிளில் இரண்டு பக்கமும் கீரைச் சாக்கு. அவர்தான் முதலில் வணக்கம் சொன்னார். “வண்டி அங்கதாங்க இருக்கு?” என்றார். “இருக்குங்க, பத்திரமா இருக்கு” என்றேன். நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னேன். அன்று பந்தோபஸ்து இல்லை, போன் அடிக்கவில்லை. கையில் டீ, அவ்வளவுதான். ‘நாளைக்கு வாங்க, மனு எழுதித் தரேன்’ என்று வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

2022-ல் கோர்ட் உத்தரவு வாங்கி, கிடந்த வண்டிகளை எல்லாம் ஏலம் விட்டோம். வேப்ப மரத்தடியில் எக்ஸெல்லின் இரண்டு டயரும் மண்ணோடு ஒட்டிப்போயிருந்தன. சீட்டில் பஞ்சு இல்லை, எலி இழுத்துவிட்டது. நான் எழுதிய எண் மட்டும் அழியாமல் இருந்தது. ஏலம் எடுத்தவரின் ஆள், லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த ட்யூப் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தான். முடியாமல் கத்தியால் அறுத்தான்.

2024 ஜூலை 1-க்குப் பிறகு, அந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 497-ஆவது பிரிவு வந்திருக்கிறது. பொருள் கோர்ட்டுக்கு வந்த பதினான்கு நாளில் பட்டியல், போட்டோ, வீடியோ. அதிலிருந்து முப்பது நாளில் உத்தரவு. நல்ல பிரிவு. இப்போதைய எழுத்தரிடம் மனு மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதை யாருக்காவது காட்டுகிறாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கீரைக்காரர் இன்னும் அதே சந்தையில்தான் இருக்கிறார், கிழக்கு வாசல் பக்கம். நான் மேற்கு வாசல் வழியாகப் போய் வருகிறேன்.