மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு 944: டென்ஷனரைத் திறந்து பார்த்தது

என்னுடைய 1988 போர்ஷே 944-இல் டைமிங் பெல்ட் மூடிக்குள்ளிருந்து இரண்டு விதமான சத்தம் வந்துகொண்டிருந்தது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் ஏதோ மூடியில் தட்டுகிற மாதிரி ஒரு படபடப்பு. ஓடிச் சூடேறிய பிறகு மெல்லிய ரீங்காரம். ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறும். தட்டினால் பெல்ட் தொய்வு, ரீங்கரித்தால் பெல்ட் இறுக்கம். இரண்டும் ஒரே எஞ்சினில் எப்படி?

விடை எளிது. இந்த எஞ்சினில் பெல்ட் இரண்டு. ஒன்று வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. மற்றொன்று, இருபுறமும் பல் உள்ள பெல்ட், இரண்டு பேலன்ஸ் ஷாஃப்டுகளைக் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மை அச்சு) வேகத்தைப் போல இரண்டு மடங்கில் சுற்றுகிறது. நான்கே சிலிண்டரில் 2,479 சிசி என்பதால் அதிர்வு அதிகம். அதை அடக்கத்தான் பேலன்ஸ் ஷாஃப்ட். ஆகவே ஒரு பெல்ட் தொய்ந்தும் மற்றொன்று இறுகியும் இருக்கலாம்.

இதைத் தள்ளிப்போட முடியாது. கேம் பெல்ட் பல் தாவினாலோ அறுந்தாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதும். பேலன்ஸ் பெல்ட் அறுந்தாலும் அதன் துண்டு பின்னால் இருக்கும் கேம் பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் இழுத்துவிடலாம். ஈப்போவுக்குப் போனால் ஜப்பான் எஞ்சின் ஹாஃப்-கட் (பழைய காடியை வெட்டி எடுத்த எஞ்சின் பாதி) கிடைக்கும். வால்வுகள் அமர்ந்திருக்கும் 944 சிலிண்டர் ஹெட் அப்படிச் சுலபமாகக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மூடியைக் கழற்ற வேண்டுமானால் ஃபேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், வெளிப் பெல்ட்டுகள் எல்லாம் முதலில் கழன்று வரவேண்டும். கிராங்க் போல்ட் 210 நியூட்டன் மீட்டர் இறுக்கம் கொண்டது. ஃப்ளைவீலை (கிராங்கின் பின்முனைச் சக்கரம்) பூட்டாமல் அதில் கை வைக்கக்கூடாது. ஃப்ளைவீலில் முதல் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ஓ.டி. (OT) குறி, கேம் பல்சக்கரத்தில் பின்மூடி வெட்டுக்கு நேரான குறி. இரண்டும் சேர்ந்து நின்ற பிறகுதான் பெல்ட்டைத் தொட்டேன்.

பழுது அங்கேயே தெரிந்தது. 1987 மாடலிலிருந்து கேம் பெல்ட்டுக்கு ஸ்பிரிங் டென்ஷனர் (பெல்ட்டின் இறுக்கத்தை வைக்கும் அமைப்பு) வந்தது. பலர் அந்த ஸ்பிரிங்தான் எப்போதும் பெல்ட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. போல்ட்டுகளைத் தளர்த்தும்போது ஸ்பிரிங் அளவாக இழுத்துக் கொடுக்கிறது. பிறகு போல்ட்டுகளை இறுக்கிவிட்டால் ஓட்டத்தில் பிடித்திருப்பது போல்ட்தான். என் காடியில் டென்ஷனர் கை சுழலும் இடத்தில் துருவும் அழுக்கும் ஏறிக் கை அசையவே இல்லை. முன்பு பெல்ட் மாற்றிய பட்டறையில் போல்ட்டைத் தளர்த்தி, மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். ஸ்பிரிங் ஒன்றும் செய்யவில்லை. தொய்வு அப்படியே பூட்டப்பட்டுவிட்டது. பெல்ட்டை அழுத்தும் ரோலரின் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, விரலால் சுற்றினால் கரகரவென்றது. முன் கிராங்க் சீலிலிருந்து கசிந்த எண்ணெய் பெல்ட் ஓரத்தை ஊறவைத்திருந்தது.

லோரி எஞ்சின்களோடு வாழ்க்கையைக் கழித்த போர்மன் (மெக்கானிக்) அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, ரோலர மட்டும் மாத்தி மூடிடாத. அந்தக் கை தானா வந்து நிக்கணும். அதப் பாரு மொதல்ல," என்றார். சரியான பேச்சு. கையைக் கழற்றித் துருவை எடுத்து, சுழலும் இடத்துக்கு லேசாகக் கிரீஸ் பூசினேன். அப்புறம் புது ரோலர், பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் சீல். பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான் என்பதால் பழைய பம்பை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை.

இறுக்கம் வைத்தது விடியற்காலையில். அலுமினிய எஞ்சின் சூட்டில் விரியும், கிராங்குக்கும் கேமுக்கும் உள்ள தூரம் கூடும், பெல்ட் தானாக இறுகும். நம்மூர் வெயிலில் மதியம் அளந்தால் அந்த அளவை நம்பவே முடியாது. ராத்திரி முழுக்க நின்ற காடியில், மரம் சீவப் போகிறவர்கள் கிளம்பும் நேரத்தில் போல்ட்டைத் தளர்த்தி, கிராங்கைக் கடிகாரச் சுற்றில் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, ஸ்பிரிங் இழுத்து நின்றதும் பூட்டினேன். நீளமான பக்கத்தில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் முறுக்கினால் பெல்ட் கால் சுற்று வரை திரும்ப வேண்டும். அது தோராயம்தான். சரியான அளவுக்கு, பெல்ட் இறுக்கத்தை அளக்கும் போர்ஷேயின் பி 9201 கருவி இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கடி.

பேலன்ஸ் பெல்ட்டுக்கு ஸ்பிரிங் கிடையாது. ரோலரைச் சுழற்றிக் கையால் வைக்க வேண்டும். ரீங்காரம் அங்கிருந்துதான். மிக இறுக்கமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிறு உருளை இருக்கிறது. அது பெல்ட்டை அழுத்தவே கூடாது, நூலிழை இடைவெளி விட வேண்டும். என்னுடையதில் அதையும் பெல்ட்டோடு ஒட்டி வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால், 944-இல் ரீங்காரம் கேட்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கோலா கங்சார் வரை பழைய சாலையில் ஓட்டினேன். காலைத் தட்டல் போய்விட்டது. ரீங்காரமும் இல்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டால் எஞ்சினின் சொந்தக் குரல் மட்டும்தான். கேட்கக் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கிறது.

புது பெல்ட் ஓடிப் படிந்ததும் கொஞ்சம் தளரும். 1,500 முதல் 3,000 கிலோமீட்டருக்குள் மறுபடி குளிர்ந்த எஞ்சினில் இறுக்கம் பார்க்க வேண்டும். மேல் பேலன்ஸ் ஷாஃப்ட் சீலின் ஓரம் லேசாக ஈரமாக இருக்கிறது. அதற்கான சீலையும் ஓ-ரிங்கையும் வாங்கியாயிற்று, மறு இறுக்கத்துக்குத் திறக்கும்போது சேர்த்து மாற்றிவிடுவேன்.