பிரம்பனானில் தெற்குச் சன்னதி அகத்தியர்

ஜாவா போகிறோம் என்றதும் பார்த்தவர்கள் எல்லாம் போரோபுதூர் புத்தர் கோயிலைத்தான் சொன்னார்கள். அம்மாவுக்கோ சிவன் கோயில்தான் முதலில். சரி என்று ஜோக்ஜகர்த்தாவிலிருந்து காலையிலேயே பிரம்பனானுக்குக் கிளம்பிவிட்டோம்.

ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். 856ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இதைச் சிவனின் இல்லம் என்கிறது. நடுவில் 47 மீட்டர் உயரத்தில் சிவன் கோயில், தெற்கே பிரம்மா கோயில், வடக்கே விஷ்ணு கோயில். எரிமலைக் கருங்கல்லை ஒன்றோடொன்று கோத்தே எழுப்பியிருக்கிறார்கள். இடிந்து கிடந்த சிவன் கோயிலைக் கல் கல்லாகப் பொருத்தி முடித்தது 1953இல்.

கருவறையில் லிங்கம் இல்லை. ஆளை விட உயரமாகச் சிவன் நிற்கிறார். விளக்கில்லை, பூவில்லை. அம்மாவின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் வலம் வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. நம்மூரில் தட்சிணாமூர்த்தி இருக்கும் தென்புறத்தில் இங்கே தனிச் சன்னதி. உள்ளே தாடியும் தொந்தியுமாக அகத்தியர்! "அட, நம்ம குறுமுனி இங்க எப்படி வந்தார்?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். மேற்கே பிள்ளையார், வடக்கே எருமை மேல் நிற்கும் துர்க்கை. வடக்கே துர்க்கை என்பது நமக்குப் பழகிய இடம்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அவள் லோரோ ஜொங்ராங் என்ற இளவரசி. ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டச் சொல்லி, கடைசி ஒன்று முடியும் முன் சேவலைக் கூவ வைத்து ஏமாற்றியதால் கல்லானவளாம்.

சுற்றுச்சுவரின் உட்புறம் முழுக்க ராமாயணம். சேது கட்டும் காட்சியில் குரங்குகள் போடும் கற்களை மீன்கள் விழுங்குகின்றன. ஒரு மீனின் வாயில் பாதிக் கல் நீட்டிக்கொண்டிருப்பதை மகள்தான் கண்டுபிடித்தாள். சிவன் கோயிலில் கதை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. போரைப் பார்க்க இறங்கி, பிரம்மா கோயில் படிகளை ஏற வேண்டும். செங்குத்தான படிகள். முட்டிவலிக்கார அம்மா, "ராவணன் சாகறதைப் பார்க்காம போனா எப்படி?" என்று எங்களுக்கு முன்னால் ஏறிவிட்டார்.

போகிறவர்கள் கிழக்குப் படியேறி இடப்பக்கம் திரும்புங்கள். பிரதட்சிணமாக நடந்தால்தான் கதை வரிசையாக வரும். எதிர்த்திசையில் வந்த ஒரு கூட்டம் சேதுவில் தொடங்கி பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம், சிவனுக்கு எதிரே இருக்கும் நந்தி மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். நந்திக்குப் பின்னால் தேரில் சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். பலர் எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.