லாக் (பூட்டு) ரோவுக்குள்ளேயே இருந்தது, நான் தேடியது வேறு இடத்தில்

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு, கடை பில்லிங் டேட்டாபேஸின் இருப்பு டேபிளில் ஒரே ஒரு சரக்கின் ரோ (ஒரு வரிப் பதிவு) மட்டும் அப்டேட் ஆகாமல் நின்றுவிட்டது. மற்ற பில்லெல்லாம் ஓடுகிறது, ஆனால் மெதுவாக. பார்த்தால் வெள்ளிக்கிழமை 40 எம்பி இருந்த டேபிள் 3 ஜிபி ஆகியிருக்கிறது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். அதில் எனக்கு அனுபவம் குறைவு, பல வருஷம் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் இருந்தவன்.

முதல் தப்பு, டேபிளைத் திரும்ப எழுதிச் சுருக்கும் வேக்யூம் ஃபுல் கட்டளையை ஓட்டியது. அதற்கு டேபிள் முழுவதும் தனக்கே வேண்டும், யாரோ பிடித்திருந்ததால் அது காத்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை, அதற்குப் பின்னால் வந்த சாதாரண செலக்ட் (படிக்கும் கட்டளை) எல்லாமும் வரிசையில் மாட்டிக்கொண்டன. கவுண்டரில் பில்லிங் முழுசாக நின்று, கேன்சல் செய்த பிறகுதான் மூச்சு வந்தது. வேலை நேரத்தில் அந்தக் கட்டளையைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், லாக்குகளைக் காட்டும் பிஜி_லாக்ஸைத் திறந்தேன். எஸ்க்யூஎல் சர்வரில் ரோ லாக் நினைவகத்தில் பட்டியலாக இருக்கும், இங்கேயும் அப்படித்தான் என்று தேடினேன். ‘டியூப்பிள்’ (ரோவின் ஒரு நகல்) என்று ஒரு வரி கிடைத்ததும் அதைப் பிடித்திருந்த செஷனை (டேட்டாபேஸ் இணைப்பை) கொன்றேன். அடுத்த நொடி இன்னொரு செஷன் அதே வரியில் வந்து உட்கார்ந்தது! அது லாக்கை வைத்திருப்பவர் இல்லை, காத்திருப்பவர்களில் முதல் ஆள். பாவம், யாருடைய பில்லோ போயிற்று.

விஷயம் என்னவென்றால் போஸ்ட்கிரஸ் ரோ லாக்கை அந்த ரோவின் தலைப்பகுதியிலேயே, 8 கேபி பேஜுக்குள், எக்ஸ்மேக்ஸ் என்ற இடத்தில் எழுதிவைக்கிறது. பூட்டிய டிரான்சாக்ஷனின் (ஒன்றாக முடியும் மாற்றங்களின் தொகுப்பு) எண் அங்கே இருக்கும். காத்திருப்பவர் ரோவுக்காக நிற்பதில்லை, அந்த டிரான்சாக்ஷன் முடியட்டும் என்று நிற்கிறார். அதனால்தான் பிஜி_லாக்ஸில் ‘டிரான்சாக்ஷன்ஐடி’, கிராண்டட் ஃபால்ஸ் (இன்னும் கிடைக்கவில்லை) என்று வருகிறது.

புரிந்ததும் இரண்டு நிமிஷ வேலை. அந்த ரோவை எக்ஸ்மேக்ஸோடு சேர்த்து செலக்ட் செய்தேன், வந்த எண்ணை, செஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பேக்எண்ட்_எக்ஸ்ஐடியோடு (செஷனின் டிரான்சாக்ஷன் எண்) ஒப்பிட்டேன், பொருந்தியது. சனிக்கிழமை மாலை 6:40-லிருந்து ‘ஐடில் இன் டிரான்சாக்ஷன்’, அதாவது டிரான்சாக்ஷனைத் திறந்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. எங்கள் ஆளே ஒருவர், ஆட்டோ கமிட் (தானே முடித்துச் சேமிப்பது) இல்லாத டூலில் ஒரு அப்டேட் போட்டுவிட்டு, கமிட் கொடுக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார். வேறு டேபிள்கள் ஃபாரின் கீ (இணைப்புச் சாவி) மூலம் சுட்டும் டேபிளில் பல பேர் ஒரே ரோவைப் பிடித்திருந்தால் எக்ஸ்மேக்ஸில் அவர்களைச் சேர்த்துக் குறிக்கும் மல்டிஎக்ஸாக்ட் எண் வரும், அது யாரோடும் பொருந்தாது. அப்போது பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் கேளுங்கள், தடுப்பது யார் என்று நேராகச் சொல்லிவிடும்.

டேபிள் வீங்கியதற்கும் அதே செஷன்தான் காரணம். இங்கே ஒவ்வொரு அப்டேட்டும் புது நகல் எழுதும், பழசை வேக்யூம் பிறகு எடுக்கும். பழைய டிரான்சாக்ஷன் ஒன்று திறந்திருந்தால், அதற்குப் பிறகு செத்த நகல்களில் கை வைக்க முடியாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும் எங்கள் சின்க் (தரவை ஒத்திசைக்கும் வேலை) ஒன்றரை நாளாக நகல்களைக் குவித்திருக்கிறது. தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் தவறாமல் வந்து, ‘செத்தவைதான், ஆனால் இன்னும் அகற்ற முடியாது’ என்று சர்வரின் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. முதலிலேயே அந்தக் கோப்பைப் படித்திருந்தால் அந்த பில்லிங் நின்றிருக்காது.

செஷனை முடித்ததும் காத்திருந்த அப்டேட்டுகள் சரசரவென்று போயின. சாதாரண வேக்யூம் போட்டேன், கோப்பு அளவு குறையவில்லை, உள்ளே இடம் காலியானது. இரவு கடை அடைத்த பிறகு வேக்யூம் ஃபுல். இப்படிச் சும்மா திறந்திருக்கும் செஷனைத் தானே முடிக்கும் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் இயல்பாக 0, அதாவது அணைந்தே இருக்கும். இப்போது எங்களிடம் 10 நிமிஷம்.