ராத்திரி ஷிஃப்ட்டுக்கும் தினசர்யா உண்டு

கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஆயுர்வேத கிளினிக்கில் மருத்துவராக இருக்கிறேன். ஸ்பின்னிங் மில், ஜவுளிக்கடை, ஐ.டி. கம்பெனி என்று நேரங்காலமில்லாமல் உழைக்கிறவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள். “ஆயுர்வேதத்துல சொல்ற மாதிரியெல்லாம் இருக்க நமக்கு எங்கீங்க டாக்டர் முடியுது?” என்றுதான் பாதிப் பேர் பேச்சையே ஆரம்பிப்பார்கள். விடியற்காலை எழுவது, எண்ணெய் கொப்பளிப்பது, உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது, உடற்பயிற்சி என்று செல்போனில் பார்த்த பட்டியலே அவர்களை மலைக்க வைத்திருக்கும்.

வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திர ஸ்தானம் என்ற முதல் பகுதியின் இரண்டாம் அத்தியாயம் தினசர்யா, அதாவது அன்றாட ஒழுங்கு. பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்வது அங்கேதான். ஆனால் ஆரோக்கியமாக இருப்பவருக்குத்தான் அப்படிச் சொல்கிறார். ஏழாம் அத்தியாயத்துக்குப் போனால் இன்னொன்று இருக்கிறது: பழக்கமில்லாமல் இரவு கண்விழித்தவர், விழித்திருந்த நேரத்தில் பாதியைக் காலையில் தூங்கி ஈடுகட்ட வேண்டும், அதுவும் சாப்பிடாமல். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் மில் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்?

அப்படி ஒருவர் வந்தார். இரவு வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே உள்ள கடையில் பூரி, வடை என்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுப்பார். மதியம் எழும்போது புளித்த ஏப்பம், தலை கனம், பசியே இருக்காது. மருந்து எழுதுவதற்கு முன்னால், முதலில் தூங்குங்கள், எழுந்து பசித்த பிறகு சாப்பிடுங்கள் என்றேன். அடுத்த முறை வந்தபோது ஏப்பத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை, பசிக்கிறது என்றார். எனக்கு அது போதும். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் வெறும் வயிற்றுப் பேச்சையே எடுக்க மாட்டேன். அவருக்கு யோசனை வேறு.

மனதை உறுத்துவது ஜவுளிக்கடைப் பெண்கள்தான். நாள் முழுக்க நின்றே வேலை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. என்னிடம் வரும் ஒரு பெண் வேலை பார்க்கும் கடையில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். கழிப்பறைக்கு அடிக்கடி போகக் கூடாதென்று தண்ணீரும் குடிப்பதில்லை. சிறுநீர், தும்மல், பசி, தூக்கம் என்று அடக்கக் கூடாத வேகங்களுக்கு, அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்களுக்கு, வாக்படர் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு எந்தத் தைலத்தை எழுதினாலும், இது மாறாமல் நீர்க்கடுப்பு போகாது. அதற்கு நான் மட்டும் பாடுபட்டால் போதாது, முதலாளியும் மனது வைக்க வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு பழக்கம். தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்லும் அதே நூல், தலை, காது, பாதம் இந்த மூன்றையும் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. சனி, வெள்ளி எண்ணெய்க் குளியல் நம் வீடுகளில் பழகியதுதான். தினமும் என்றால் யாருக்கும் கைகூடாது. அதனால் பாதம் மட்டும். படுக்கும் முன் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன், குதிகாலில் கட்டைவிரலால் அழுத்தி, விரல் இடுக்குகளில் தேய்த்து, பழைய துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் எழுந்தால் டைல்ஸ் தரையில் வழுக்கிவிடும், அதையும் சொல்லித்தான் அனுப்புவேன். தூக்கம் நன்றாக வருகிறது என்றார். சளி, அஜீரணம் இருக்கும் நாட்களில் எண்ணெய் வேண்டாம். அதுவும் நூலில் உள்ளதே.

கெட்ட பழக்கத்தை விடுவதற்கும் வழி இருக்கிறது. பழகிப்போன கெட்டதைக் கால் பங்கு கால் பங்காகத்தான் விட வேண்டும், நல்லதையும் அப்படியே இடைவெளி விட்டுப் பழக வேண்டும் என்கிறார் வாக்படர். இரவெல்லாம் டீயிலேயே ஓட்டும் ஐ.டி. பையன்களிடம் இதைச் சொன்னால் முகம் தெளிந்துவிடும். டீயை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வேன் என்று பயந்து வந்திருப்பார்கள். நாலு டீ குடிப்பவர் இந்த வாரம் மூன்று குடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பேன். அநேகமாக எல்லோரும் அடுத்த முறையும் வருகிறார்கள்.